பட்டாளத்துப் பிள்ளை சொந்தக் காசில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது: கடலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டாளத்தில் கொடுக்கிற சாமான் பழசு, சில நேரம் பத்தாது, பூட்ஸ் காலைக் கடிக்கிறது என்று லீவில் வருகிற பிள்ளைகள் சொல்வார்கள். அதைக் கேட்டதும் பெற்றவர்களுக்குத் தூக்கம் போய்விடும். நான் 1996-இல் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்து 2018-இல் ஹவில்தாராக ஊர் திரும்பியவன். வீடு மஞ்சக்குப்பத்தில். காலையில் சில்வர் பீச் மணலில் ஓடிப் பழகும் பையன்கள், திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்திப் பேசும் அம்மாக்கள், பாகூரிலிருந்து போன் போடும் அப்பாக்கள் எனப் பலரும் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

அண்ணே, அடுத்த வாரம் வெலிங்டன் கிளம்புறேன். என்னென்ன வாங்கிக்கணும்?

ஏறக்குறைய ஒன்றும் வேண்டாம் தம்பி. வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி சென்டரில் இறங்கிய சில நாட்களில் கிட், அதாவது சீருடையும் சாமானும், கொடுத்துவிடுவார்கள். கறுப்பு ட்ரங்குப் பெட்டி, பிரஷ், பாலீஷ் எல்லாம் அங்கேயே கிடைக்கும். இங்கே யாரோ எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு லாரன்ஸ் ரோட்டில் அப்பா காசைச் செலவழிக்காதே.

ஒன்றை மட்டும் கவனி. புது ஷூவோடு போகாதே. இங்கே ஒரு மாதம் ஓடிக் காலுக்குப் பழகின ஷூவை எடுத்துக்கொண்டு போ. குன்னூர் மலைக் குளிருக்கு உள்ளே போட ஒரு கம்பளி பனியன், நகவெட்டி, பூட்டு இரண்டு. அவ்வளவுதான்.

அரசாங்கம்தான் தலையிலிருந்து கால்வரை தருதே, அப்புறம் ஏன் பிள்ளைங்க சொந்தக் காசைப் போடுறாங்க?

இதுதான் எல்லாவற்றுக்கும் மூலக் கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஸ்டோரில் இருக்கும் ஒரு பொருள் என்றோ ஒரு நாள் நல்ல பொருளாகத்தான் வந்திருக்கும். அதன் அளவு, எடை, துணி, தையல் எல்லாம் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தாளை மாற்றி, புது மாதிரிக்கு டெண்டர் விட்டு, வந்ததைப் பாலைவனத்திலும் பனியிலும் சோதித்து, விலை பேசி முடிப்பதற்குள் வருஷங்கள் ஓடிவிடும். வெளியே கடையில் அதைவிடப் பாதி எடையில், இரண்டு மடங்கு உறுதியில் சாமான் வந்திருக்கும். சோதனையே இல்லாமல் வாங்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுப்பவன் எல்லையில் நிற்கிறவன்.

குண்டு துளைக்காத ஜாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,86,138 ஜாக்கெட் வாங்கலாம் என்று 2009-இல் ஒப்புதல் கிடைத்தது. வந்த மாதிரிகள் சோதனையில் தேறவில்லை. அவசரத்துக்கென 50,000 ஜாக்கெட் வாங்க 2016-இல் ஒப்பந்தம் போட்டார்கள். முழு எண்ணிக்கைக்கு 639 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 2018 ஏப்ரலில். 9 வருஷம். 2009-இல் சேர்ந்த பையன் அதற்குள் நாயக் ஆகியிருப்பான்.

தலைக்கும் அதே கதை. காஷ்மீரில் ராஷ்ட்ரிய ரைபிள்ஸில் இருந்தபோது எங்களுக்குப் 'பட்கா' என்று ஒன்று இருந்தது. நெற்றிக்கு ஒரு இரும்புத் தகடு, பின்மண்டைக்கு ஒரு தகடு, மேலே துணி. எடை இரண்டரை கிலோவுக்கு மேல். உச்சந்தலையும் காதோரமும் திறந்தே இருக்கும். இரவு 8 மணிக்குப் பதுங்கப் போனால் விடியும்வரை அதைக் கழற்ற முடியாது. விடிந்து கழற்றினால் புருவத்துக்கு மேலே கயிறு கட்டின மாதிரி ஒரு தடம் பதிந்திருக்கும், கழுத்தைத் திருப்பினால் வலிக்கும். உள்ளே வைக்க எங்களில் பலர் சொந்தக் காசில் ஸ்பாஞ்ச் வாங்கி வெட்டித் தைத்துக்கொண்டோம். நான் பட்டாளத்தில் சொந்தமாக வாங்கிய முதல் சாமான் அந்த ஸ்பாஞ்ச்தான்.

ஆனாலும் பட்காவைப் பழசு என்று தூக்கி எறிய எனக்கு மனம் வராது. நெற்றிக்கு நேராக வரும் ஏ.கே. ரைபிள் குண்டைத் தாங்கும்படி செய்த தகடு அது. பின்னால் வந்த இலகுவான ஹெல்மெட்டுகள் 9 எம்.எம். கைத்துப்பாக்கிக் குண்டுக்கும் சில்லுகளுக்கும் ஏற்றவை. அதனால் புது ஹெல்மெட் கிடைத்தும் பட்காவையே கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. பழசு எல்லாம் மோசமும் இல்லை, புதுசு எல்லாம் மேலும் இல்லை.

இதெல்லாம் பையன்கள் கிளப்பும் குறை மட்டுமல்ல. மத்தியக் கணக்குத் தணிக்கைத் துறையின் அறிக்கை ஒன்று 2020 பிப்ரவரியில் பார்லிமென்ட்டில் வைக்கப்பட்டது. உயர மலைப் பகுதிகளில் பனிக் கண்ணாடிப் பற்றாக்குறை 62 முதல் 98 சதவீதம் வரை இருந்ததையும், புது பூட்ஸ் வராமல் பழைய பூட்ஸையே மறுபடி கொடுத்ததையும் அது பதிவு செய்திருக்கிறது. நூற்றுக்கு இரண்டு கண்ணாடிதான் இருந்தது என்றால் மீதிப் பேர் என்ன செய்திருப்பார்கள் என்று யோசியுங்கள்.

சரி, எதை வாங்கினால் உண்மையிலேயே பிரயோஜனம்?

தோலில் ஒட்டுகிற சாமான். முதலில் கால்.

கடலூர்க்காரனுக்குக் காலைக் காப்பாற்றத் தெரியாது. வருஷம் முழுக்க ரப்பர் செருப்பில் நடந்தவன். பருத்தி சாக்ஸ்தான் நல்லது என்று நினைப்பான். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஈரம் பூட்ஸுக்குள் நின்றால் தோல் ஊறி வெளுத்து, கொப்புளம் வந்து, மூன்றாம் நாள் நடக்க முடியாது. கம்பளி கலந்த சாக்ஸ் மூன்று ஜோடி வாங்குங்கள். ஒன்று காலில், ஒன்று பையில், மூன்றாவது ஜெர்சிக்குள் வயிற்றை ஒட்டி. ஈரச் சாக்ஸை வயிற்றுச் சூட்டில் காயவைப்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் பிளட்டூன் ஹவில்தார். முதலில் அருவருப்பாக இருக்கும். விடியற்காலையில் காய்ந்த சாக்ஸ் போடும்போது அவரை நினைப்பீர்கள்.

பூட்ஸில் நானே ஏமாந்திருக்கிறேன். கொடுத்த பூட்ஸ் குதிகாலைக் கடித்ததால் ஒரு முறை கன்டோன்மென்ட் பக்கத்துக் கடையில், தண்ணீர் புகாது என்று சொன்ன ஒரு ஜோடியை வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. மூன்றாம் நாள் ரோந்தில் ஓடையைத் தாண்டியபோது வலது அடிப்பாகம் வாயைத் திறந்தது. நைலான் கயிறால் சுற்றிக் கட்டிக்கொண்டு 11 கிலோமீட்டர் திரும்பி நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் கயிறு பாதத்தில் அழுத்தியது. எனக்காக செக்‌ஷனே மெதுவாக நடந்தது. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை. அதிலிருந்து பூட்ஸை மாற்றாமல், உள்ளே போடும் இன்சோலை மட்டும் மாற்றினேன். 300, 400 ரூபாய்க்குள் முக்கால்வாசித் தொல்லை தீர்ந்தது.

பூட்ஸ் வாங்கியே ஆக வேண்டுமென்றால் சாயங்காலம் போய் வாங்குங்கள். நடந்து களைத்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். கம்பளி சாக்ஸைக் கையோடு கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். யூனிட்டில் அனுமதிக்கிற நிறமும் மாதிரியும் எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நனைந்த பூட்ஸைப் புகாரி என்கிற, அறையைச் சூடாக்கும் அடுப்பின் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுவிடும். உள்ளே பழைய பேப்பரைத் திணித்து வையுங்கள், அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

காலுக்கு அப்புறம் உள்ளாடை. குளிர் தாங்கும் தெர்மல் உள்ளாடை கடலூரில் சட்டென்று கிடைக்காது, இந்த வெயிலில் யார் விற்பார்கள்? திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கும் கடைகளில் தேடினால் நல்லதே கிடைக்கும். லேபிளில் முழுப் பருத்தி என்று இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

தம்பி, ஆன்லைன்ல புல்லட் ப்ரூஃப் ஜாக்கெட் விக்குது. செயினை அடகு வச்சாவது பிள்ளைக்கு ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமா?

பண்ருட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா இதைக் கேட்டார். கழுத்துச் செயினைத் தொட்டுக்கொண்டே கேட்டார். வாங்காதீர்கள் அம்மா என்று அன்று சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

ஆன்லைனில் விற்பதில் பல, கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் அளவுக்குத்தான் செய்யப்பட்டவை. உங்கள் பிள்ளைக்கு எதிரே வருவது ஏ.கே. ரைபிள் குண்டு. அது அந்தத் துணியைத் தாண்டிப் போய்விடும். ரைபிள் குண்டைத் தடுக்க உள்ளே கெட்டியான தகடு வேண்டும். இதற்கென்று 2018-இல் ஐ.எஸ். 17051 என்ற இந்தியத் தரக்குறியீடே வந்தது. எந்தக் குண்டு, எவ்வளவு வேகம், எத்தனை மீட்டர் என்று பார்த்துச் சுட்டுச் சோதித்த பிறகே அந்தத் தரத்துக்குத் தேறியதாகச் சொல்ல முடியும். கடைக்காரர் காட்டுகிற தாளில் சோதனைச்சாலை முத்திரை இருக்கலாம். அந்த முத்திரை உங்கள் கையில் இருக்கும் அதே ஜாக்கெட்டுக்குத்தானா என்று உங்களாலும் என்னாலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று. பீங்கான் போன்ற செராமிக் தகடு கீழே விழுந்தால் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. யூனிட்டில் அதற்குப் பார்வையிடும் முறையும் கணக்கும் உண்டு. வீட்டிலிருந்து வந்த ஜாக்கெட்டுக்கு அது எதுவும் இல்லை. அப்புறம், பத்துப் பேர் ஒரே மாதிரி போகும் இடத்தில் ஒருவன் மட்டும் வேறு மாதிரி தெரிந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவன் கண் அவன்மேல்தான் நிற்கும். கமாண்டர் அனுமதிக்கவும் மாட்டார்.

ஹெல்மெட்டுக்கும் இதே பதில். குண்டைத் தடுக்க வேண்டிய எந்தப் பொருளையும் கடையில் வாங்காதீர்கள். துப்பாக்கியில் மாட்டுகிற லென்ஸ், பிடி, வார் எதையும் சொந்தமாக வாங்கி மாட்டாதீர்கள்.

அந்த அம்மா செயினை அடகு வைக்கவில்லை. கம்பளி சாக்ஸும் முந்திரியும் அனுப்பினார்.

சியாச்சின், லடாக் பக்கம் போஸ்டிங். அதுக்கு என்ன வாங்குறது?

சியாச்சினுக்கு நீங்களாக உடுப்பு, பூட்ஸ் எதையும் வாங்கி மேலே கொண்டுபோக நினைக்காதீர்கள். 18,000 அடிக்கு மேல் போடுகிற கோட்டு, கையுறை, பல அடுக்கு பூட்ஸ் எல்லாம் தனி ரகம். ஏறும் முன் பயிற்சியில் கொடுப்பார்கள், இறங்கியதும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்படித் திரும்பி வந்ததுதான் அடுத்தவனுக்குப் போகிறது. ஆகவே உங்கள் கைக்கு வந்ததும் தையல், ஜிப், உள்பஞ்சு மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். கிழிசல் இருந்தால் கீழே இருக்கும்போதே மாற்றச் சொல்லுங்கள். மேலே போன பின் கேட்டுப் பயனில்லை.

சொந்தமாக வாங்க வேண்டியது கண்ணாடி. கொடுத்தது கீறல் விழுந்தோ உடைந்தோ போனால் கைவசம் ஒன்று இருக்கட்டும். 1,000 மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேலிருந்தும் கீழிருந்தும் கண்ணுக்கு அடி. பிளாட்பாரத்தில் விற்கும் வெறும் கறுப்புக் கண்ணாடி இருக்கிறதே, அது போடாமல் இருப்பதைவிடக் கேடு. இருட்டில் கண்மணி விரியும், வடிகட்டாத கதிர் அப்படியே உள்ளே போகும். யூ.வி. 400 என்று போட்ட, பக்கவாட்டிலும் மறைப்பு உள்ள, மலையேறிகளுக்கான கண்ணாடியைக் கண்ணாடிக் கடையில் சோதித்து வாங்குங்கள். உதட்டுக்குத் தடவவும் முகத்துக்குப் பூசவும் கிரீம். அங்கே கறுப்பு, சிவப்பு எல்லாத் தோலும் வெடிக்கும்.

டார்ச், கத்தி, ஸ்மார்ட் வாட்ச்?

தலையில் மாட்டும் டார்ச் வாங்கலாம், சிவப்பு வெளிச்சம் உள்ளதாகப் பார்த்து. மடக்குக் கத்தி சின்னதாக ஒன்று போதும். ஸ்மார்ட் வாட்ச் வேண்டவே வேண்டாம். 2018 ஜனவரியில், ஓடுகிறவர்கள் வாட்சிலும் போனிலும் பயன்படுத்தும் ஒரு செயலியின் உலக வரைபடத்தில் பல நாட்டு ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகள் கோடு கோடாகத் தெரிந்தன. சொந்த வாக்கி டாக்கி, ஜி.பி.எஸ். கருவி எதுவும் கூடாது.

இதுக்கெல்லாம் காசு திரும்பக் கிடைக்குமா? டிரஸ் அலவன்ஸ்னு ஒண்ணு இருக்காமே?

இருக்கிறது. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பின், 2017 ஜூலையிலிருந்து, ஜவான்களுக்கு வருஷம் 10,000 ரூபாய், அதிகாரிகளுக்கு 20,000 என்று ஆரம்பித்தது. ஜூலைச் சம்பளத்தோடு வரும். அகவிலைப்படி 50 சதவீதம் கூடும்போதெல்லாம் இது 25 சதவீதம் உயரும் என்பது விதி, 2024-இல் அப்படி உயர்ந்தது. ஆனால் இது சீருடைக்கான பணம். அதைத் தாண்டிச் சாக்ஸ், இன்சோல், கண்ணாடி என்று வாங்குவதற்குப் பில் காட்டித் திரும்ப வாங்க வழியில்லை.

அக்னிவீராகச் சேர்ந்த பையன்களை நினைத்தால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. முதல் வருஷம் 30,000 ரூபாயில் 30 சதவீதம் சேவா நிதிக்கு, அதாவது பணி முடிகையில் கிடைக்கும் சேமிப்புக்கு, போக, கைக்கு வருவது 21,000. அதில் வீட்டுக்கும் அனுப்புகிறான். அவன் 3,000 ரூபாய்க்குக் கண்ணாடி வாங்குவது சின்ன விஷயமில்லை.

புது மாடல் காம்பேட் துணி கடையில் கிடைக்குது. ஒரு செட் தைச்சுக்கலாமா?

2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் காட்டிய புதுச் சீருடையைச் சொல்கிறீர்கள். அந்த வடிவமைப்பை ராணுவம் தன் பெயரில் பதிவு செய்துவிட்டது. 10 வருஷ உரிமை, இன்னும் 5 வருஷம் நீட்டிக்கலாம். அனுமதியில்லாமல் நெய்து விற்பது சட்டப்படி தப்பு. வெளியே கிடைக்கும் துணி வேறு ரகமாகவும் இருக்கும்: அசலில் 70 பங்கு பருத்தி, 30 பங்கு பாலியஸ்டர். கேன்டீனிலோ யூனிட் வழியாகவோ மட்டும் வாங்குங்கள்.

ஊரில் பையன்கள் பட்டாள பிரின்ட் பேன்ட் போட்டுக்கொண்டு சுற்றுவதைப் பற்றியும் கேட்கிறார்கள். ராணுவத்தான் என்று பிறரை நம்ப வைக்கும் எண்ணத்தோடு போட்டால் பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவில் 3 மாதம்வரை சிறை உண்டு. லீவில் வரும் தம்பிகளே, உங்கள் பழைய காம்பேட்டை மச்சானுக்கும் சித்தப்பா பையனுக்கும் கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டுப் பட்டாளத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இருக்காதே?

புதுச்சேரிக்காரர்கள் இதை நம்பியே பேசுவார்கள். அங்கே 'சொல்தா' குடும்பங்கள் உண்டு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்கள். அந்தப் பென்ஷனையும் கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்தையும் பார்த்தால் அங்கே குறையே இருக்காது என்றுதான் தோன்றும். ஆனால் 2013-இல் மாலி நாட்டுப் பாலைவனத்துக்குப் போன பிரெஞ்சு வீரர்களுக்குச் சூட்டில் பூட்ஸின் அடிப்பாகம் கழன்று வந்தது. என் வலது பூட்ஸ் ஞாபகம் வந்தது எனக்கு.

1982-இல் ஃபாக்லாந்து தீவில் பிரிட்டிஷ் வீரர்கள் ஈரம் தாங்காத பூட்ஸால் பாதம் ஊறிக் கஷ்டப்பட்டார்கள், பிடிபட்ட அர்ஜென்டினா வீரர்களின் பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. 2003 மார்ச்சில் ஈராக்கில் ஒரு பிரிட்டிஷ் சார்ஜென்ட் இறந்தார். பற்றாக்குறை என்பதற்காகச் சில நாள் முன்புதான் தன் கவச ஜாக்கெட்டை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லி வாங்கியிருந்தார்கள். அதே போரில் அமெரிக்கப் பெற்றோர்கள் தங்கள் பணத்தில் பிள்ளைகளுக்குக் கவசம் வாங்கி அனுப்பினார்கள். சத்தம் பெரிதானதும் 2004-இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் ஒரு பொருளுக்கு 1,100 டாலர்வரை திருப்பித் தரச் சட்டம் போட்டது. 2006-இல் அமெரிக்க ராணுவம் கடைக் கவசத்தைத் தடை செய்துவிட்டது, தரம் சோதிக்கப்படாதது என்பதால். திருப்பித் தந்ததும் சரி, தடுத்ததும் சரி என்பது என் கருத்து.

பையன் சி.ஆர்.பி.எஃப்.ல இருக்கான். இதெல்லாம் அவனுக்கும் பொருந்துமா?

அது உள்துறையின் கீழ். கொள்முதலும் ஸ்டோரும் தனி. சாக்ஸ், கண்ணாடி, ஜாக்கெட் பற்றிச் சொன்னது அப்படியே பொருந்தும்.

ஸ்டோர்ல கொடுத்தது சரியில்லைன்னு சொன்னா பிள்ளைக்கு ஆபத்து வருமா? பேசாம வாங்கிப் போட்டுட்டுப் போயிடலாமே?

நானும் முதல் பத்து வருஷம் அப்படித்தான் இருந்தேன். கையுறை கிழிந்தால் வாங்கிக்கொள்வேன், வாய் திறக்கமாட்டேன். அப்புறம் கம்பெனி ஸ்டோரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோதுதான் புரிந்தது. என் கையில் லெட்ஜர். கையுறை எத்தனை வந்தது, எத்தனை பேர் மாற்றக் கேட்டார்கள் என்று அதில் ஏற வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் கேட்டவர்கள் நான்கு பேர். வெளியே வந்து பார்த்தால் பாதிக் கம்பெனி பஜாரில் வாங்கின கையுறையோடு நிற்கிறது. லெட்ஜரைப் பார்க்கிற மேலதிகாரிக்கு அந்தக் கையுறை நன்றாக உழைக்கிறது என்றுதானே தெரியும்? சாமான் கேட்டு எழுதும் அடுத்த இன்டென்ட்டும் அதே மாதிரிக்குத்தான் போகும்.

அதனால் வாங்குங்கள், வாங்கும்போதே சொல்லவும் சொல்லுங்கள். கிழிந்ததைக் கொண்டுபோய்க் காட்டி மாற்றக் கேட்கட்டும், இல்லை என்றால் இல்லை என்று புத்தகத்தில் ஏறட்டும். மாலை ரோல் காலில் கம்பெனி ஹவில்தார் மேஜரிடம் சொல்லலாம். மாதாமாதம் சி.ஓ., அதாவது யூனிட்டின் தலைமை அதிகாரி, நடத்தும் சைனிக் சம்மேளன் என்ற வீரர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று 'பாயிண்ட்' வைக்கலாம். அது எழுதப்படும், அடுத்த முறை பதில் வாசிக்கப்படும். 'ஸ்டோர் மோசம்' என்று பேசக் கூடாது. எந்தப் பொருள், எப்போது வாங்கியது, எத்தனை நாளில் எந்த இடத்தில் போனது என்று மூன்று வரியில் சொல்ல வேண்டும். நான் ஒரு முறை இன்சோல் பற்றி அப்படி வைத்தேன். உடனே ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு சம்மேளன் தள்ளி, ரெஜிமென்ட் நிதியிலிருந்து கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தார்கள்.

போனில் வீடியோ எடுத்துப் போடுவது மட்டும் வேண்டாம். 2017 ஜனவரியில் எல்லைக் காவல் படை வீரர் ஒருவர் சாப்பாடு பற்றி வீடியோ போட்டார். நாடே பார்த்தது. சில மாதத்தில் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஜனவரியில் அப்போதைய ராணுவத் தளபதி குறைப்பெட்டிகள் வைக்கச் சொன்னார், வாட்ஸ்அப் எண் ஒன்றும் அறிவித்தார். யூனிட்டில் இப்போது இருக்கும் அப்படிப்பட்ட வழிகளில் போகலாம்.

பார்சல் எப்படி அனுப்புறது? கூரியர்காரர் 56 ஏ.பி.ஓ.ன்னதும் வாங்க மாட்டேங்குறார்.

வாங்கமாட்டார். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் ஆபீஸ். 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று வரும் விலாசத்துக்குத் தபால் ஆபீஸ் மட்டும்தான். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பிள்ளையின் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கடைசியில் பின்கோடும் ஏ.பி.ஓ.வும், அவ்வளவுதான் எழுத வேண்டும், ஊர்ப் பெயர் எழுதாதீர்கள். பவர் பேங்க், பேட்டரி, ஸ்ப்ரே வைக்காதீர்கள், திருப்பிவிடுவார்கள். துணியில் தைத்து, விலாசத்தை மார்க்கரில் இரண்டு பக்கமும் எழுதுங்கள். சாக்ஸுக்குள் முந்திரிப் பொட்டலத்தை வைத்தால் நசுங்காமல் போய்ச் சேரும்.